கேளாதவர் கேளாத கேள்வி

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வது பெரும் பாவம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவில் குறைப்போரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மத்யன் வாசிகளிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் வற்புறுத்திய போதனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அளவுக் குற்றம் என்றதும் நம் மனக்கண் முன் வருவதெல்லாம் மளிகைக் கடைத் தராசும் துணிக் கடை முழக்கோலும்தாம். அந்தத் தராசின் முள்ளை வாங்குகிறவரும் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் அடுத்த கடையில் கொடுத்து நிறுத்துப் பார்க்கலாம்.

வாங்குகிறவரால் பார்க்கவே முடியாத தராசு ஒன்று இருந்தால் என்ன செய்வது? முள்ளைப் படிக்கத் தெரிந்தவர் விற்பவர் ஒருவர் மட்டுமே என்றால், அவருடைய நேர்மை எதுவரை நீள வேண்டும்? கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல் இருந்தால் போதுமா? கேட்கப்படாத கேள்விக்கும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? இம்மாதம் இதைச் சிந்திக்க, காது கேட்கும் கருவியைப் பொருத்திக் கொடுக்கும் தொழிலை எடுத்துக்கொள்வோம். மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். இக்கருவி தேவைப்படும் பெரியவர் இல்லாத குடும்பமும் அரிது. ஆகவே இது இரு தரப்பாருக்கும் உரிய பேச்சு.

முதலில் அத்தொழில் இன்னதென்று அறிந்துகொள்வோம். செவித்திறனைச் சோதித்து முடிவு சொல்பவர் ஆடியோலஜிஸ்ட். அவர் ஒவ்வொரு காதிலும் 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கொடுத்து, எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று குறித்து, ஆடியோகிராம் என்னும் படத்தை வரைகிறார். அதற்குப் பின்னுள்ள கைவேலை டெக்னீஷியனுடையது. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, உள்ளே சிறு பஞ்சுத் தடுப்பு வைத்து, மாவு போன்ற பொருளைச் செலுத்தி அச்சு எடுக்கிறார். அந்த அச்சைக் கொண்டு அவரவர் காதுக்கென்றே அமையும் மோல்டு தயாராகிறது. கருவியைக் கணினியில் இணைத்து ஒலியளவு வைப்பதிலும், பழுது பார்ப்பதிலும், பேட்டரி மாற்றக் கற்றுக்கொடுப்பதிலும் அவர் கை இருக்கிறது. மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனத்தில் இதற்கென்றே டிப்ளமா படிப்பு நடத்தப்படுகிறது. சிறிய கிளினிக்குகளில் கருவியை விற்கும் பொறுப்பும் இதே ஊழியரின் தலையில் விழுவதுண்டு. அங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

தேவையோ மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, செவித்திறன் குறைவுக்காக உதவி தேவைப்படுவோர் உலகெங்கும் 43 கோடிக்கு மேல். 2050-க்குள் இத்தொகை 70 கோடியைத் தாண்டும் என்று அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. கருவி தேவைப்படுவோரில் ஏறத்தாழ 17 சதவீதத்தினரே அதைப் பயன்படுத்துகின்றனர்.

இனி, வயது முதிர்ந்த ஒருவரை அவருடைய மகன் கிளினிக்குக்கு அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம். "வாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. நல்ல மிஷினாகப் பாருங்கள்" என்கிறார் மகன். வாப்பா புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கேட்கவில்லை என்பது முழு உண்மையன்று. முதுமையில் பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனே. உயிரெழுத்துக்களின் ஒலி தாழ்ந்தது, வலுவானது, அது காதில் விழும். வல்லின மெய்களும் 'ஸ', 'ஃப' போன்றவையும் மெலிந்த உயர் ஒலிகள், அவை நழுவிவிடும். 'காய்' என்றாலும் 'தாய்' என்றாலும் 'பாய்' என்றாலும் ஏறக்குறைய ஒன்றாகவே அவருக்குக் கேட்கும். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது விளங்கவில்லை. மெல்லப் பேசினால் "என்ன?" என்பார். உரக்கப் பேசினால் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபித்துக்கொள்வார். இது பிடிவாதமென்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில், மெல்லிய ஒலி எட்டாத அதே காதுக்கு உரத்த ஒலி சீக்கிரமே பொறுக்க முடியாததாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிவிட்டது.

ஆகவே கருவி வெறும் ஒலிபெருக்கியாக இருந்தால் போதாது. எந்தச் சுருதியை எவ்வளவு உயர்த்துவது, எந்த அளவுக்கு மேல் ஒலி போகாமல் தடுப்பது என்பதையெல்லாம் காதுக்குக் காது அமைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒலி வைத்தால் மிச்சமிருக்கும் செவித்திறனுக்கும் கேடு வரலாம். இவ்வளவும் டெக்னீஷியனுக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது.

தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரே சொல் காதால் உணர்வதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். நம் முன்னோர் இரண்டையும் ஒரு சொல்லில் வைத்தது எவ்வளவு பொருத்தம்! காது கேளாதவர் நாளடைவில் கேள்வியும் கேளாதவராகிவிடுகிறார். கேட்டால் பதில் விளங்காதே, மறுபடி கேட்டால் சலித்துக்கொள்வார்களே என்ற அச்சம். எல்லாவற்றுக்கும் தலையசைத்துப் பழகிவிடுகிறார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பில் போடுவது எளிது. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும் கருவிகள் மேசை மீது இருக்கின்றன. எதை எடுத்து முன்னே வைப்பது என்பது ஒருவரின் மனச்சாட்சியில் இருக்கிறது.

அவர் கேளாத கேள்விகள் மூன்று. "எனக்குக் கருவி தேவைதானா?" என்பது முதலாவது. காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும். சீழ் வடிந்தால், தலைசுற்றல் இருந்தால், ஒரு காது மட்டும் குறைந்திருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் கேட்காமல் போயிருந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது. ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பு. "இதைவிடக் குறைந்த விலையில் எனக்குப் போதுமானது உண்டா?" என்பது இரண்டாவது. "இதனால் எனக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது?" என்பது மூன்றாவது.

இவற்றைக் கேட்காதவருக்குச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? பொய் இல்லை என்றுதான் நாவு வாதாடும். ஆனால் நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வியாபாரத்தில் மௌனத்தைப் பற்றி மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்த வியாபாரி எவரிடமும் பொய் சொன்னதாக அச்செய்தியில் இல்லை. காய்ந்ததை மேலே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த மௌனமே மோசடியாகக் கணக்கிடப்பட்டது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணியை அதன் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்றறிந்ததும், அந்த விற்பனைப் பணத்தை அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் வரலாற்றில் வருகிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: "ஈரத் தானியத்தில் குறை இருந்தது. கிழிந்த துணியில் குறை இருந்தது. நான் விற்கும் விலையுயர்ந்த கருவியில் ஒரு குறையுமில்லையே!" நியாயமான மறுப்பு. கருவியில் குறை இல்லைதான். ஆனால் இது ஒருவர் உடலுக்கென்று அளந்து பொருத்தும் பொருள். செருப்பு எவ்வளவு உயர்ந்த தோலில் செய்திருந்தாலும் காலுக்குச் சேரவில்லை என்றால் அந்தக் காலுக்கு அது குறையுள்ள செருப்பே. அளந்து கொடுக்கும் பொருளில் பொருந்தாமையே குறை. அந்தக் குறையை அறிந்தவர் ஒருவரே. மறைத்தால் மறைப்பவரும் அவரே.

"விலை கூடியது எப்படியும் மேலானதுதானே?" என்பார் இன்னொருவர். எப்போதும் அப்படியில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், மிதமான அளவுவரை செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கு உயர்ரகக் கருவியையும் சாதாரண ரகக் கருவியையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுமே நன்றாகப் பலன் கொடுத்தன. பேச்சை விளங்கிக்கொள்வதில் உயர்ரகம் தனியே மேம்பட்டு நிற்கவில்லை. இதனால் உயர்ரகம் எவருக்கும் வேண்டாமென்று ஆகிவிடாது. இரைச்சலான கடையில் நின்று நாள் முழுதும் பலரோடு பேசுகிறவருக்கு வேறு தேவை இருக்கலாம். வீட்டில் பேரப்பிள்ளைகளோடும் பள்ளிவாசலில் நாலு நண்பர்களோடும் பேசிவரும் பெரியவரிடம், சேனல்களின் எண்ணிக்கையைக் காட்டி அவர் மகனின் சேமிப்பைக் கரைப்பது நியாயமா என்பதுதான் கேள்வி. "நீங்கள் எங்கே, யாரோடு பேசுகிறீர்கள்?" என்று கேளாமல் விலைப்பட்டியலை நீட்டுவது, அளக்காமல் விலை சொல்வதற்கு ஒப்பாகும்.

பிக்ஹு நூல்களில் 'முஸ்தர்ஸில்' என்றொரு சொல் உண்டு. விலை நிலவரம் அறியாமல், பேரம் பேசவும் தெரியாமல், விற்பவரின் சொல்லையே நம்பித் தன்னை ஒப்படைத்துவிடுபவர் என்பது அதன் பொருள். அப்படிப்பட்டவரிடம் அளவு மீறி விலை வாங்கப்பட்டிருந்தால், வியாபாரத்தை முறிக்கும் உரிமையை மாலிக்கி, ஹம்பலி மத்ஹபு அறிஞர்கள் அவருக்கு வழங்குகிறார்கள். காதுக் கருவி வாங்க வரும் பெரியவரைவிட இச்சொல்லுக்குப் பொருத்தமானவர் வேறு யார்? பேரம் பேசத் தெரிந்தவரிடம் வியாபாரம் செய்வது வேறு. நம்பி வந்தவரிடம் செய்வது அமானத்.

மிகக் கடினமான மறுப்பு மூன்றாவது. "நான் சம்பளக்காரன். முதலாளி இந்த மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு வைத்திருக்கிறார். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வேலை போகும். வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? பாவம் முதலாளியைத்தானே சேரும்?" இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தைக் காப்பாற்றுவதும் கடமையே. முதலாளிக்கு ஊழியர் மீது உரிமை உண்டு. குறித்த நேரத்துக்கு வருவது, பொருளைப் பழுதின்றிப் பாதுகாப்பது, திறமையை ஒளிக்காமல் உழைப்பது, கடையின் நல்ல பொருளை நல்லது என்று எடுத்துச் சொல்வது எல்லாம் அவருக்குச் சேர வேண்டியவை. அவர் வாங்கியது ஊழியரின் நேரத்தையும் திறமையையும். மறைக்கும் நாவை விலைக்கு வாங்க எவருக்கும் உரிமையில்லை. குறையை வெளிப்படுத்தும் கடமை விற்பவரோடு நின்றுவிடவில்லை, அதை அறிந்த மூன்றாமவருக்கும் உண்டு என்று ஷாபி மத்ஹபு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். வழிப்போக்கருக்கே அக்கடமை என்றால், தன் கையால் அளந்து பொருத்துகிறவர் "நான் ஊழியன்தானே" என்று விலகிக்கொள்வது எப்படி?

ஆயினும் மார்க்கம் ஒருவர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றுவதில்லை. சொல்ல வேண்டியதற்கும் எல்லை உண்டு. அடுத்த கடையின் விலையைச் சொல்ல அவர் கடமைப்பட்டவரல்லர். முராபஹா போல அசல் விலையைச் சொல்லி விற்கும் முறை அல்லாதபோது, முதலாளியின் இலாபம் எவ்வளவு என்று அவிழ்த்து வைக்க வேண்டியதுமில்லை. மேசை மீதிருக்கும் மூன்று கருவிகளில் எதில் தொடங்கிப் பார்க்கலாம், எதிலிருந்து மேலே போக வேண்டியதில்லை என்று சொன்னால் போதும். இதை முதலாளிக்கு எதிராகச் சொல்ல வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. பொருந்தாத கருவி அலமாரியில் தூங்கும். அலமாரியில் தூங்கும் கருவி பத்து வீடுகளில் "காது மிஷின் வீண்" என்ற பேச்சைப் பரப்பும். பொருந்திய கருவி காதில் இருக்கும். அது வேறு காதுகளை அழைத்து வரும். நிதானமுள்ள முதலாளிக்கு இது விளங்கும். விளங்காத முதலாளியிடம் நம் இளைஞர் ஒருவர் இருந்தால், வேறு இடம் தேடிக்கொண்டே, அதுவரை தம் நாவைக் காத்துக்கொள்வார். ரிஸ்க் கொடுப்பவன் முதலாளி அல்லன் என்று நாம் சொல்வது தொழுகைக்குப் பின் துஆவில் சொல்வதற்கு மட்டுமா?

பணத்தைவிடப் பெரிய இழப்பும் இம்மௌனத்தால் வருவதுண்டு. பிறவியிலேயே செவித்திறன் மிகக் குறைந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள். பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது இத்துறை நிபுணர்கள் வகுத்த கணக்கு. மூளை மொழியைக் கற்கும் காலம் காத்திருப்பதில்லை. கருவியால் பலன் வராத அளவுக்குக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை உண்டு. அதைச் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளத் தமிழ்நாட்டில் வழியிருக்கிறது. இதைச் சொல்லாமல் ஒரு கருவியை விற்று அனுப்பிவிட்டால், அப்பெற்றோர் இழப்பது ரூபாயை மட்டுமா? அவ்வாறே, ஏழைகளுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் 1981 முதல் உபகரணங்கள் வழங்கப்பட்டு வருகின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கடன் வாங்கி வந்து நிற்கும் ஒருவரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஸதகா.

மூன்றாவது கேள்விக்கும் நேர்மையான விடை வேண்டும். கருவி இளமைக் காதைத் திரும்பத் தராது. முதல் சில வாரங்களுக்குத் தட்டுச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் தம் குரலும்கூட விநோதமாக இருக்கும். மூளை மெல்லப் பழகும். முக்காடோ தொப்பியோ காதின் மேல் அழுந்தினால் கருவி 'கீச்' என்று கூவும்; நடுத் தொழுகையில் அப்படிக் கூவியதும் வெட்கப்பட்டுக் கழற்றி வைத்தவர் மறுபடி மாட்டுவதில்லை. ஒளுவுக்கு முன் கழற்றி, காது ஈரத்தைத் துடைத்த பின்னரே மாட்ட வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றுக்கு, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பியில் வைக்க வேண்டும். துத்தநாக பேட்டரியின் ஒட்டுக் காகிதத்தை எடுத்ததும் ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் பிறகு போட வேண்டும். சில கருவிகளில் 'டி' என்றொரு வசதி உண்டு. பள்ளிவாசலில் அதற்குரிய கம்பி வளையம் அமைத்தால், ஜும்ஆ பயான் எதிரொலியின்றி நேரே காதுக்குள் வரும். இவற்றைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதற்கு பில்லில் தனி வரி இல்லை. ஆனால் பணம் வாங்கியதோடு அளவை முடிந்துவிடுவதில்லை.

நம் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. டெக்னீஷியன் "கொஞ்சம் பொறுங்கள், முதலில் மருத்துவரைப் பார்த்து வாருங்கள்" என்றால், வியாபாரம் தெரியாதவர் என்று நினைத்து அடுத்த கடைக்கு ஓடாதீர்கள். உண்மை சொன்னவரை நஷ்டப்படுத்தி, இனிக்கப் பேசியவரை வாழவைப்பது நாமே என்றால், மோசடியில் நமக்கும் பங்குண்டு. ஆடியோகிராமைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய குழாயைக் காதுக்குள் வைத்துக் கருவியின் ஒலி செவிப்பறை அருகே எவ்வளவு வருகிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. அவ்வசதி உள்ள இடத்தில் அதைச் செய்து, திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தராசு முள்ளைப் பார்க்கும் உரிமை உங்களுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாப்பாவிடமோ உம்மாவிடமோ கேட்க வேண்டியதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் உட்கார்ந்து, கத்தாமல், நிறுத்திப் பேசுங்கள். காதை விலை கொடுத்து வாங்கித் தரும் மகன், ஐந்து நிமிடம் நிதானமாகப் பேச மறுத்தால், அந்தக் கருவிக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

சகோதரர்களே! தராசின் முள்ளைப் பிறர் பார்க்கும்போது நேராக நிறுத்துக்கொடுப்பது பயத்தாலும் நடக்கும். எவரும் பார்க்க முடியாத முள்ளை நேராக வைப்பது ஈமானால் மட்டுமே நடக்கும். காதுக் கருவி பொருத்துகிறவர் முதல், இருதயப் படம் எடுப்பவர், இரத்தம் சோதிப்பவர், கார் மெக்கானிக் வரை, வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கையிலும் அப்படியொரு தராசு இருக்கிறது. எதிரே இருப்பவர் கேளாதவராக இருக்கலாம். அவர் கேளாமல் விட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் யாவற்றையும் செவியுறுபவன்.

அளவில் குறைக்காத கைகளையும், மறைக்காத நாவையும், நம்பி வந்தவரை ஏமாற்றாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.